மூத்த ரிசீவருக்கு எவ்வளவு கொடுக்கலாம்? ஹூலியோ ஜோன்ஸின் கடைசி ஆண்டுகளை வைத்துச் சில கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தில் புதிய ஒப்பந்த ஆண்டு மார்ச் மாதம் தொடங்கும். முப்பதைத் தாண்டிய நட்சத்திரங்களை அணிகள் விடுவிப்பதும், ரசிகர்கள் கொதிப்பதும், வேறோர் அணி பெரிய தொகையோடு வந்து நிற்பதும் அப்போதுதான். அந்த ஆட்டத்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லைப் பார்க்கத் தொடங்கியிருக்கும் தமிழ் ரசிகர்கள் இதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது என்பதால் பெரும்பாலும் ஒரே வீரரைப் பின்தொடர்ந்திருக்கிறேன்.

எத்தனையோ ரிசீவர்கள் இருக்க, ஏன் ஹூலியோ ஜோன்ஸ்?

ஏற்றமும் இறக்கமும் இவ்வளவு தெளிவாகத் தெரிகிற ஆட்ட வாழ்க்கை குறைவு. அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியில் 10 சீசன்கள் ஆடினார். பிறகு டென்னசி டைட்டன்ஸ், டாம்பா பே பக்கனீர்ஸ், ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் என்று ஆண்டுக்கு ஓர் அணி. 2025 ஏப்ரலில் ஓய்வை அறிவித்தார். மொத்தம் 914 கேட்ச், அவற்றால் அணி முன்னேறிய தூரம் 13,703 யார்டு, எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து புள்ளி எடுத்த டச் டவுன் 66. இந்த 13,703 யார்டில் 12,896 அட்லாண்டாவில் எடுத்தவை. மீதி மூன்று அணிகளில் சேர்த்து எடுத்தது 807 தான். ஒரு நல்ல ரிசீவர் ஒரே சீசனில் எடுப்பதைவிடவும் குறைவு.

எனக்கு மிகப் பிடித்த ஆட்டக்காரரும் அவர்தான். ஆனாலும் அவருடைய கடைசி ஒப்பந்தங்களைப் பற்றிக் கறாராகத்தான் பேச வேண்டியிருக்கிறது.

ரிசீவரின் வேலை என்ன?

குவார்ட்டர்பேக் எறியும் பந்தைப் பிடிப்பது. அதற்கு முன் தன்னைக் காவல் காக்கும் கார்னர்பேக்கிடமிருந்து ஓர் எட்டு விலக வேண்டும். பிடித்த பிறகு முடிந்தவரை ஓட வேண்டும். விலகுவது, பிடிப்பது, ஓடுவது ஆகிய மூன்றில் வயது முதலில் கைவைப்பது விலகுவதில். கடைசியில் கைவைப்பது பிடிப்பதில். நாற்பது வயதிலும் கைகள் நன்றாகவே இருக்கும். அதனால்தான் டிவியில் கேட்ச்களின் தொகுப்பை மட்டும் பார்ப்பவர்களுக்கு ஒருவர் தளர்ந்துவிட்டது தெரிவதில்லை.

உச்சத்தில் அவர் எப்படி இருந்தார்?

கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். 2011 டிராஃப்டில் ஆறாவது இடத்தில் அவரை எடுப்பதற்காக அட்லாண்டா கிளீவ்லண்டுக்கு ஐந்து தேர்வு வாய்ப்புகளைக் கொடுத்தது. அவற்றில் இரண்டு முதல் சுற்று வாய்ப்புகள். ஒரு ரிசீவருக்காக இவ்வளவா என்று அப்போது பலர் கேட்டார்கள். பாதத்தில் மெல்லிய எலும்பு முறிவை வைத்துக்கொண்டே டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 40 யார்டை 4.39 விநாடியில் ஓடியவர் அவர். ஆறடி மூன்று அங்குல உயரமும் நூறு கிலோ எடையும் உள்ள ஒருவர் அந்த வேகத்தில் ஓடுவதே அபூர்வம்.

2015 சீசனில் 136 கேட்ச், 1,871 யார்டு. ஆட்டத்துக்குக் கிட்டத்தட்ட 117 யார்டு. 2016 அக்டோபரில் கரோலினாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 12 கேட்ச், 300 யார்டு. 2018இல் 10,000 யார்டைத் தொட்டபோது அதுவரை யாரும் அவ்வளவு குறைந்த ஆட்டங்களில் அதை எட்டியதில்லை. அவருக்குத் தேவைப்பட்டது 104 ஆட்டங்கள்.

2017 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 28-3 என்று முன்னிலையில் இருந்த அட்லாண்டா, நியூ இங்கிலாந்திடம் 34-28 என்று தோற்ற ஆட்டம் அது. அன்று ஹூலியோவை நோக்கிப் பந்து வந்தது நான்கே முறை. நான்கையும் பிடித்தார், 87 யார்டு. நான்காவது கால்பகுதியில் எல்லைக்கோட்டை ஒட்டி, இரண்டு கால்விரல்களையும் உள்ளே ஊன்றி அவர் பிடித்த பந்தோடு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். மூன்று புள்ளிக்கான உதையை உதைக்கும் தூரத்துக்கு வந்தாகிவிட்டது. அதற்குப் பிறகு குவார்ட்டர்பேக் பந்தோடு வீழ்த்தப்பட்டு அணி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அந்தத் தோல்வியின் பழியில் அவர் பங்கு ஒரு துளியும் இல்லை.

சரிவு எப்போது தொடங்கியது?

பலர் 2021 என்பார்கள். டென்னசிக்குப் போனதும் எண்கள் விழுந்தது கண்ணுக்குத் தெரிகிறதே என்பது அவர்கள் வாதம். நான் 2020 என்று சொல்வேன்.

ஆட்டத்துக்கு எத்தனை யார்டு என்று பார்ப்போம். 2018இல் 104.8, 2019இல் 92.9, 2020இல் 85.7, 2021இல் 43.4, 2022இல் 29.9, 2023இல் 6.7. இந்த வரிசையில் 2020 நன்றாகவே இருக்கிறது. அந்த ஆண்டு அவரை நோக்கி 68 முறை பந்து எறியப்பட்டது, 51ஐப் பிடித்தார், 771 யார்டு. ஓர் எறிதலுக்கு 11 யார்டுக்கு மேல் வருகிறது. 31 வயதில் இதைச் செய்தவரைத் தளர்ந்துவிட்டார் என்று யார் சொல்வார்கள்?

இப்போது இன்னொரு வரிசை. 2014 முதல் 2019 வரை ஆறு சீசன்களில் இருந்த 96 ஆட்டங்களில் 92இல் ஆடினார். 2020, 2021, 2022 ஆகிய மூன்று சீசன்களில் இருந்த 50 ஆட்டங்களில் 29இல் தான் ஆடினார். 2020இல் மட்டும் 16க்கு 9. ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசை திரும்பத் திரும்பப் பிடித்துக்கொண்டது. களத்தில் நின்றபோது பழைய ஹூலியோவாகத்தான் இருந்தார். நிற்க முடிந்த நாட்கள் குறைந்தன.

இந்தப் பக்கத்திலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மூத்த ரிசீவரிடம் முதலில் குறைவது ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கை. ஆட்டத்துக்கான சராசரி ஓராண்டு தாமதமாகத்தான் விழும். அந்த ஓராண்டு இடைவெளியில்தான் அணிகள் ஏமாறுகின்றன.

காயம் என்பது துரதிர்ஷ்டம் இல்லையா? அதை வைத்து ஒருவரைத் தளர்ந்துவிட்டார் என்று சொல்லலாமா?

எலும்பு முறிவைத் துரதிர்ஷ்டம் என்று சொல்லலாம். 2013இல் ஹூலியோவின் பாதம் முறிந்து ஐந்து ஆட்டங்களோடு அந்த சீசன் முடிந்தது. அடுத்த ஆண்டே 104 கேட்ச், 1,593 யார்டு. அப்போது வயது 25.

முப்பதைத் தாண்டியவரின் தொடைத் தசைக் காயம் வேறு வகை. வெடித்துக் கிளம்பி முழு வேகத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அந்தத் தசைதான் சுமை தாங்குகிறது. ஒருமுறை கிழிந்தால் மறுபடி கிழியும் வாய்ப்பு கூடுகிறது. அதைக் காப்பாற்ற வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓடினால் கார்னர்பேக் நெருங்கிவிடுகிறார். எண்பது சதவீத வேகத்தில் ஓடும் ஹூலியோவை என்எஃப்எல்லில் பலரால் காவல் காக்க முடியும். எனவே காயத்தையும் தளர்ச்சியையும் இரண்டு தனிக் கணக்குகளாக எழுதுவது இந்த வயதில் சரிவராது.

ஒரே ஒரு மோசமான சீசனை வைத்து முடிவு கட்டலாமா?

கூடாது. ரிசீவர் லாரி ஃபிட்ஸ்ஜெரால்டைப் பாருங்கள். 2011இல் அரிசோனா கார்டினல்ஸ் அவருக்கு எட்டு ஆண்டுகளுக்கு 12 கோடி டாலர் வரை போகக்கூடிய ஒப்பந்தம் கொடுத்தது. அடுத்த ஆண்டே 71 கேட்ச், 798 யார்டு என்று இறங்கினார். வயது 29. ஒப்பந்தம் கையெழுத்தானதும் ஆள் சோர்ந்துவிட்டார் என்ற பேச்சு எழத்தான் செய்தது.

ஆனால் அந்த சீசனில் அவர் 16 ஆட்டங்களிலும் ஆடியிருந்தார். அரிசோனாவுக்காக அந்த ஆண்டு ஆட்டத்தைத் தொடங்கிய குவார்ட்டர்பேக்குகள் நான்கு பேர்: கெவின் கோல்ப், ஜான் ஸ்கெல்டன், ரையன் லிண்ட்லி, பிரையன் ஹோயர். வாரத்துக்கு ஒருவர் எறிந்தால் ரிசீவர் என்ன செய்வார்? 2013இல் கார்சன் பால்மர் குவார்ட்டர்பேக்காக வந்தார், பயிற்சியாளராக புரூஸ் ஏரியன்ஸ் வந்தார். ஃபிட்ஸ்ஜெரால்டைப் பக்கவாட்டு ஓரத்திலிருந்து உள்பக்கம் நகர்த்தி ஆடவைத்தார்கள். அடுத்தடுத்து 2015, 2016, 2017 மூன்று சீசன்களிலும் நூறு கேட்சுக்கு மேல், ஆயிரம் யார்டுக்கு மேல். 2017இல் வயது 34.

இந்த இரண்டு பேரையும் அருகருகே வைத்தால் கேட்க வேண்டிய கேள்வி புரியும். யார்டு குறைந்தபோது ஃபிட்ஸ்ஜெரால்ட் எல்லா ஆட்டத்திலும் களத்தில் இருந்தார்; குறை சுற்றத்தில் இருந்தது. ஹூலியோவுக்கு 2020இல் எறிந்தவர் முன்பு எறிந்துகொண்டிருந்த அதே குவார்ட்டர்பேக் மேட் ரையன்; குறை உடலில் இருந்தது.

யார்டு, டச் டவுன் தவிர வேறு எதைப் பார்ப்பது?

டச் டவுனை ஏறக்குறைய மறந்துவிடலாம். ஹூலியோ உச்சத்தில் இருந்த 2017இல் 1,444 யார்டு எடுத்தும் மூன்றே டச் டவுன். 2023இல் 74 யார்டு மட்டும் எடுத்த ஹூலியோவுக்கும் மூன்று டச் டவுன். இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நான் முதலில் பார்ப்பது, அவர் ஓடிய ஒவ்வொரு பாதைக்கும் எத்தனை யார்டு கிடைத்தது என்பதை. பந்து தன்னிடம் வராத ஓட்டங்களும் இந்தக் கணக்கில் சேரும். அதனால் சும்மா களத்தில் நிற்பவர் இதில் ஒளிய முடியாது. அடுத்து, பந்து வந்து சேரும் கணத்தில் காவலருக்கும் அவருக்கும் இடையே இருந்த இடைவெளி. வீரர்களின் தோள்கவசத்தில் இருக்கும் சிப்புகள் இதை அளக்கின்றன. ஒரு எச்சரிக்கை: ஆழமாக ஓடுபவருக்கு இயல்பாகவே இடைவெளி குறைவு, குறுக்கே ஓடுபவருக்கு அதிகம். ஆகவே ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாமல் அவருடைய போன ஆண்டோடு ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, பெரிய புள்ளிவிவரம் எதுவும் வேண்டாத ஒன்று. என்எஃப்எல் அணிகள் ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் காயப் பட்டியலை வெளியிட்டாக வேண்டும். யார் முழுப் பயிற்சி செய்தார், யார் பாதி செய்தார், யார் செய்யவே இல்லை என்பது அதில் இருக்கும். ஒரு மூத்த ரிசீவரின் பெயர் வாரா வாரம் ஒரே தசையின் பெயரோடு வந்துகொண்டிருந்தால் அதற்கு அர்த்தம் உண்டு. இது எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கும் தகவல். ரசிகர்கள் இதைப் படிப்பதே இல்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கூட ஆடுபவர்கள் நன்றாக ஆடினாலும் எண்கள் குறையுமே?

குறையும். 2020இல் அட்லாண்டாவில் இளம் ரிசீவர் கால்வின் ரிட்லி 1,374 யார்டு எடுத்தார். ஹூலியோவுக்கு வந்திருக்க வேண்டிய பந்துகளில் சில அவருக்குப் போயின. இதைத் தளர்ச்சி என்று எண்ணக் கூடாது. ஆனால் காயத்தில் ஹூலியோ உட்கார்ந்திருந்த ஏழு ஆட்டங்களின் கணக்கு ரிட்லி மேல் வராது.

சம்பளக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை. உச்சவரம்பு, உத்தரவாதம், டெட் மணி என்றால் என்ன?

என்எஃப்எல்லில் எல்லா அணிகளுக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. 2020இல் அது 19.82 கோடி டாலர். பெருந்தொற்றில் வருமானம் குறைந்ததால் 2021இல் 18.25 கோடியாக இறங்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட வீரர்களுக்கு இந்தத் தொகைக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். ஒருவருக்கு அதிகம் என்றால் இன்னொருவருக்குக் குறைவு.

செய்தியில் வரும் மொத்தத் தொகையை நம்பக் கூடாது. என்எஃப்எல் ஒப்பந்தங்களில் பெரும்பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது. அணி நினைத்தால் நடுவில் விடுவித்துவிடலாம். வீரருக்கு உறுதியாகக் கிடைப்பது உத்தரவாதத் தொகை மட்டுமே. அதனால் ஒப்பந்தச் செய்தி வந்தால் நேராக அந்த எண்ணைத் தேடுங்கள்.

இனி கையெழுத்து போனஸ். அணி அந்தப் பணத்தை வீரருக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறது. ஆனால் உச்சவரம்புக் கணக்கில் அதை ஐந்து ஆண்டுகள் வரை பிரித்து எழுதிக்கொள்ள அனுமதி உண்டு. இந்த ஆண்டு இடம் போதவில்லையா, வீரரின் சம்பளத்தைப் போனஸாக மாற்றி வரும் ஆண்டுகளுக்குத் தள்ளிவிடலாம். அணிகள் இதை விரும்பிச் செய்கின்றன. சிக்கல் எப்போது வரும் என்றால், அந்த வீரரை விடுவிக்கும்போதோ வேறு அணிக்கு அனுப்பும்போதோ. அதுவரை கணக்கில் எழுதப்படாமல் தள்ளிப்போட்டது எல்லாம் ஒரேயடியாக வந்து நிற்கும். அதைத்தான் டெட் மணி என்கிறார்கள். வண்டியை விற்றுவிட்டு அதன் கடன் தவணையை மட்டும் கட்டிக்கொண்டிருப்பது போன்றது. ஆள் எதிரணிக்கு ஆடுவார், அவர் பெயரில் உங்கள் உச்சவரம்பில் இடம் போகும்.

ஜூன் 1 என்ற தேதி இங்கே முக்கியம். அதற்குப் பிறகு வீரரை அனுப்பினால் டெட் மணியை இரண்டு ஆண்டுகளாகப் பிரிக்கலாம். ஹூலியோவை அட்லாண்டா 2021 ஜூன் 6 அன்று அனுப்பியதற்குக் காரணம் இதுதான். அவருடைய டெட் மணி சுமார் 2.3 கோடி டாலர். அதில் ஏறக்குறைய 77.5 லட்சம் 2021 கணக்கில் வந்தது, 1.55 கோடி அடுத்த ஆண்டுக்குப் போனது. அந்த ஆண்டு அவர் வாங்கியிருக்க வேண்டிய 1.53 கோடி டாலர் சம்பளம் அணிக்கு மிச்சமானது.

அப்படியானால் 2019இல் அவருக்குப் பெரிய ஒப்பந்தம் கொடுத்ததே தவறா?

தவறு என்றுதான் நினைக்கிறேன், அது புரிந்துகொள்ளக்கூடிய தவறு. 2019 செப்டம்பரில், சீசனின் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்பு, மூன்று ஆண்டு நீட்டிப்பாக 6.6 கோடி டாலர் கொடுத்தார்கள். அதில் 6.4 கோடிக்கு உத்தரவாதம். அவருடைய பழைய ஒப்பந்தத்தில் இன்னும் இரண்டு சீசன்கள் மீதி இருந்தன என்பதைக் கவனியுங்கள். அதாவது நீட்டிப்பு ஆண்டுகள் தொடங்கும்போது அவருக்கு 32 வயது ஆகியிருக்கும், முடியும்போது 34.

முந்தைய ஐந்து சீசன்களிலும் 1,400 யார்டுக்கு மேல் எடுத்தவருக்கு அணி நன்றி சொல்ல விரும்பியது. உரிமையாளர் ஆர்தர் பிளாங்க் அவரை ஆயுள் முழுக்க ஃபால்கன்ஸ் வீரராகவே பார்க்க ஆசைப்பட்டவர். ரசிகனாக எனக்கும் அன்று மகிழ்ச்சிதான். ஆனால் அந்தத் தொகை 25 வயதிலிருந்து 30 வயது வரை அவர் செய்ததற்கான விலை. 32 வயதில் என்ன செய்வார் என்பதற்கான விலை அதைவிட மிகக் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

டென்னசி எங்கே சறுக்கியது?

அட்லாண்டாவுக்கு 2022 இரண்டாம் சுற்றுத் தேர்வையும் 2023 நான்காம் சுற்றுத் தேர்வையும் கொடுத்து, ஹூலியோவையும் 2023 ஆறாம் சுற்றுத் தேர்வையும் டென்னசி வாங்கியது. கூடவே அவருடைய மீதி ஒப்பந்தத்தையும் ஏற்றுக்கொண்டது. மூன்று ஆண்டுகளுக்குச் சுமார் 3.83 கோடி டாலர்.

அவர்கள் யோசித்த விதம் எனக்குப் புரிகிறது. பந்தை ஏந்தி ஓட டெரிக் ஹென்றி, ஒரு பக்கம் இளம் ரிசீவர் ஏ.ஜே. பிரவுன், மறுபக்கம் ஹூலியோ. எந்த எதிரணியால் மூவரையும் காவல் காக்க முடியும்? 2020இல் ஆட்டத்துக்கு 86 யார்டு எடுத்தவர் 60 எடுத்தாலே போதும் என்று நினைத்திருப்பார்கள்.

இரண்டாவது வாரமே சியாட்டிலில் 6 கேட்ச், 128 யார்டு. ஒரு டச் டவுனையும் பிடித்தார். மறுபார்வையில் அதை ரத்து செய்தார்கள். கால் உள்ளே இருந்ததா வெளியே இருந்ததா என்று இன்றும் வாதாடுபவர்கள் உண்டு. அன்று இரவு டென்னசி ரசிகர்கள் கண்ட கனவு நியாயமானதே. அதன் பிறகு தொடைத் தசை. 17 ஆட்டங்களில் 10இல் ஆடி 31 கேட்ச், 434 யார்டு, ஒரு டச் டவுன். அணி 12 வெற்றிகளோடு தன் பிரிவில் முதலிடம் பிடித்தும், தோற்றால் வெளியேற வேண்டிய பிளே ஆஃப் சுற்றில் முதல் ஆட்டத்திலேயே சின்சினாட்டியிடம் 19-16 என்று தோற்றது. 2022 மார்ச்சில் ஹூலியோவை விடுவித்தார்கள்.

16க்கு 9 என்பதை அவர்கள் தற்செயல் என்று எடுத்துக்கொண்டதுதான் சறுக்கல். சராசரியைப் பார்த்தார்கள், எண்ணிக்கையைப் பார்க்கவில்லை. ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வு என்பது நான்கு ஆண்டுகள் குறைந்த சம்பளத்தில் ஆடக்கூடிய ஓர் இளைஞர். அது ஒரே சீசனில் போய்விட்டது.

அந்த இளைஞர் கணக்கு அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். 2011 முதல் டிராஃப்டில் வரும் புதியவர்களின் சம்பளத்துக்கு ஓர் அட்டவணை உண்டு. எவ்வளவு திறமை இருந்தாலும் அதற்கு மேல் கேட்க முடியாது. 2020இல் மினசோட்டா 22ஆவது இடத்தில் எடுத்த ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மொத்தம் சுமார் 1.31 கோடி டாலர். முதல் சீசனிலேயே 1,400 யார்டு. ஹூலியோவின் 2021 ஓராண்டுச் சம்பளம் ஜெஃபர்சனின் நான்காண்டுச் சம்பளத்தைவிட அதிகம்! மூத்த ரிசீவரின் உண்மையான போட்டியாளர் இன்னொரு மூத்த ரிசீவர் அல்லர், 21 வயதுப் பையன்தான்.

எல்லா இளைஞரும் ஜெஃபர்சன் ஆவதில்லை என்பதும் உண்மை. முதல் சுற்றில் எடுத்த ரிசீவர்களில் சோபிக்காமல் போனவர்கள் ஏராளம். அந்த நிச்சயமின்மைக்காகத்தான் அணிகள் மூத்தவர்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கின்றன. எவ்வளவு கூடுதல் என்பதில்தான் சண்டை.

ரிசீவர் கூப்பர் கப்பின் விஷயமும் இதே மாதிரிதானா?

தொடக்கம் அதே மாதிரி. 2021இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்காக 145 கேட்ச், 1,947 யார்டு, 16 டச் டவுன். மூன்றிலும் லீக்கில் முதலிடம். சூப்பர் பௌல் ஆட்ட நாயகனும் அவரே. 2022 ஜூனில் மூன்று ஆண்டு நீட்டிப்பாக 8 கோடி டாலர் கொடுத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் கணுக்கால் காயம், 9 ஆட்டங்களோடு சரி. அடுத்த இரண்டு சீசன்களிலும் 12 ஆட்டங்கள். மூன்று சீசன்களில் 51க்கு 33.

2022இல் ஆடிய ஆட்டங்களில் சராசரி 90 யார்டு, அதாவது கண்ணை ஏமாற்றும் அதே எண். 2023இல் 61, 2024இல் 59. முதலில் எண்ணிக்கை, ஓராண்டு கழித்துச் சராசரி. 2025 மார்ச்சில் ராம்ஸ் அவரை விடுவித்தது. சியாட்டில் மூன்று ஆண்டுகளுக்கு 4.5 கோடி டாலர் வரையிலான ஒப்பந்தம் கொடுத்தது. பழைய நீட்டிப்பின் ஆண்டுச் சராசரியோடு ஒப்பிட்டால் பாதியைவிடச் சற்று அதிகம்.

நாற்பது வயதிலும் ஆடியவர்கள் இருக்கிறார்களே?

ஜெர்ரி ரைஸ். 2001இல் சான் ஃபிரான்சிஸ்கோவை விட்டு ஓக்லண்டுக்குப் போனார். 2002 சீசனில், நாற்பது வயது நிறைந்த ஆண்டில், 92 கேட்ச், 1,211 யார்டு. அணி சூப்பர் பௌல் வரை போனது. அவரை எடுத்துக்காட்டாகச் சொல்லி மற்றவர்களுக்கு ஒப்பந்தம் எழுதக் கூடாது. ரைஸின் பலம் துல்லியமான பாதையும் வருடம் முழுக்க விடாத உடற்பயிற்சியும். ஃபிட்ஸ்ஜெரால்டின் பலம் கைகளும், ஆட்டத்தைப் படிக்கும் மூளையும், உள்பக்கம் ஆடச் சம்மதித்த மனமும். ஹூலியோவின் ஆட்டம் வேகத்தின் மேலும் உடல் பலத்தின் மேலும் கட்டப்பட்டது. வேகத்தை நம்பியவர்களுக்கு வயது சீக்கிரம் வருகிறது.

இவ்வளவு உழைத்தவரை அணி இப்படி அனுப்பலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. பத்து ஆண்டுகள் ஒரு நகரத்தின் ஞாயிற்றுக்கிழமைகளைச் சுமந்தவர் அவர். வெறும் எண்ணாக அவரைப் பேசுவது எனக்கும் கசக்கிறது. ஆனால் பழிக்க வேண்டிய இடம் வேறு. 21 வயதில் வரும் வீரருக்கு அட்டவணைச் சம்பளம். அவர் மிக நன்றாக ஆடும் ஆண்டுகளில் சந்தை விலை கிடைக்காது. சந்தை விலை கிடைக்கும்போது உடல் இறங்கத் தொடங்கியிருக்கும். அணிகள் மலிவாக வாங்கிய ஆண்டுகளின் பாக்கியைத்தான் பின்னால் பெரிய ஒப்பந்தமாகக் கொடுக்கின்றன. இரண்டாவது ஒப்பந்தத்தில் வீரர் முடிந்த அளவு உத்தரவாதம் கேட்டு நிற்பது பேராசை ஆகாது. ஹூலியோ 6.4 கோடிக்கு உத்தரவாதம் வாங்கியது சரியான காரியம். அணி தவறாகக் கணித்தது, அவர் சரியாகக் கணித்தார்.

சரி, 33 வயது ரிசீவருக்கு எப்படிப்பட்ட ஒப்பந்தம் நியாயம்?

ஓராண்டு ஒப்பந்தம். அடிப்படைத் தொகை சிறிதாக, ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித் தொகை, கேட்சுக்கும் யார்டுக்கும் ஊக்கத்தொகை. இரண்டாம் ஆண்டு சேர்ப்பதாக இருந்தால் அதற்கு உத்தரவாதம் கூடாது. இளம் நட்சத்திரங்களின் விலை எவ்வளவு ஏறினாலும் அந்த ஏற்றம் இந்த வயதுக்காரரின் விலைக்குப் பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

2022இல் டாம்பா பே செய்தது ஏறக்குறைய இதுதான். குவார்ட்டர்பேக் டாம் பிரேடியின் அணி, ஓராண்டுக்கு 60 லட்சம் டாலர், இலக்குகளை எட்டினால் 80 லட்சம் வரை. அவர் 10 ஆட்டங்களில் 24 கேட்ச், 299 யார்டு எடுத்தார். ஏமாற்றம்தான், ஆனால் அந்த ஏமாற்றம் அடுத்த ஆண்டுக்கணக்கை நாசமாக்கவில்லை.

2023 அக்டோபரில் ஃபிலடெல்ஃபியா இன்னும் கீழே இறங்கி, முதலில் முதன்மைப் பட்டியலுக்கு வெளியே இருக்கும் பயிற்சிக் குழுவில்தான் சேர்த்தது. 34 வயது, 13,000 யார்டுக்கு மேல் எடுத்தவர், பயிற்சிக் குழுவில்! அவர் முகம் சுளிக்கவில்லை. டென்னசியில் கூட ஆடிய ஏ.ஜே. பிரவுன் அங்கே முதன்மை ரிசீவராக இருந்தார்; இவர் நான்காமவரோ ஐந்தாமவரோ. 11 கேட்சில் மூன்று டச் டவுன். அவற்றில் இரண்டு, டிசம்பர் 31 அன்று அரிசோனாவுக்கு எதிரான ஒரே ஆட்டத்தில். கோல் கோட்டருகே வேகம் தேவையில்லை, உயரமும் கைகளும் போதும். அந்த வேலைக்கு அந்த விலை சரியாக இருந்தது.